பஸ் நிற்கும் 'ஹோல்ட்'

"அடுத்த ஹோல்ட்டில இறக்கம்!" இலங்கையின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையை நெருங்கும்போது கேட்கும் குரல் இது. சென்னையில் அதுவே 'ஸ்டாப்'. அங்கே 'நைட் ஹால்ட்' என்றால், ஓட்டுநரும் நடத்துநரும் போய்ச் சேர்ந்த ஊரிலேயே இரவு தங்கிப் போகும் பஸ்.

'ஹோல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 'ஹால்ட்டன்' என்றால் பிடித்தல், நிறுத்தல். நடைபோடும் படையை நிறுத்தும் கட்டளையாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பின்னர் சிறு ரயில் தரிப்பிடங்களுக்கும் பெயரானது. நொண்டியைக் குறித்த பழைய ஆங்கில 'ஹோல்ட்' வேறு சொல். ஒலியும் எழுத்தும் மட்டுமே ஒன்று.

இலங்கை எழுத்துத் தமிழில் பஸ் நிற்கும் இடம் 'பஸ் தரிப்பிடம்'; தமிழ்நாட்டின் 'நிறுத்தம்' என்பதைவிட அழகானது. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் வழி கேட்டுப் பாருங்கள், கை நீளுவது 'ஹோல்ட்' பக்கம்தான்.