பிடி அரிசியில் எழுந்த பள்ளிகள்

இறையருளால் நமது பங்கு யூபிலி காணும் இந்நன்னாளில், பங்கு மக்களின் உள்ளங்களில் முன்னிற்கும் ஆசை ஒன்று உண்டு. ஆலய வளாகத்தில் பாலர் பள்ளி ஒன்று அமைய வேண்டும் என்பதே அது. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் மூன்று வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்று தவிப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பள்ளியின் தேவையை மறுப்பார் எவருமில்லை. "பணத்திற்கு என்ன வழி?" என்ற கேள்விதான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. பாலர் பள்ளி என்ற ஒன்று உலகில் தோன்றிய நாள் முதலாக அதை நடத்தியோர் அனைவரும் இதே கேள்வியோடு போராடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழிகளைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

ஐரோப்பாவில் தொடக்கம்

இத்தாலி நாட்டின் கிரெமோனா நகரில் பெராந்தே அப்போர்த்தி என்ற கத்தோலிக்கக் குரு, 1820களின் இறுதியில் சிறு குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். முதலில் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே அங்கு சேர்ந்தனர். அதன் பின்னரே ஏழைப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார். அவரைப் பின்பற்றி இத்தாலியின் பிற நகரங்களில் எழுந்த இத்தகைய இல்லங்கள், ஆண்டுதோறும் நன்கொடை தர ஒப்புக்கொண்ட மக்களின் உதவியாலேயே நடந்தன.

ஜெர்மனியில் பிரோபெல் 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்ற ஊரில் குழந்தைகளுக்கான தம் பணியைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டு அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். பணம் திரட்ட அவர் கண்ட வழி புதுமையானது. பங்கு ஒன்றுக்குப் பத்து தாலர் என்று விலை வைத்து, ஜெர்மானியப் பெண்கள் அனைவரும் பங்கு வாங்க வேண்டுமென அழைப்பு விடுத்தார். எண்ணம் உயர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பங்குகள் விற்கவில்லை. சில ஆண்டுகளில் பிளாங்கன்பர்க் பள்ளி பணமின்றி மூடப்பட்டது. பத்து தாலரை ஒரே தடவையில் எடுத்து வைக்கும் வசதி எளிய வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? அவள் கைக்கு எட்டாத காணிக்கையை அவளிடம் கேட்டதே இத்திட்டத்தின் குறை என்று நமக்குத் தோன்றுகிறது.

உரோமையின் குழந்தைகள் இல்லம்

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். அதற்குப் பணம் கொடுத்தது அங்கே அடுக்கு வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்ட ஒரு நிறுவனம். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் தனித்து விடப்பட்ட குழந்தைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கின. பழுது பார்க்க ஆகும் செலவைக் கொண்டு ஒரு பள்ளியையே நடத்திவிடலாம் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது.

பெற்றோர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையோடு நேரத்தில் அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறை ஆசிரியையைச் சந்திக்க வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பணம் இல்லாதவர்களும் பள்ளிக்குத் தம் பங்கைச் செலுத்த முடியும் என்பதை இவ்விதிகள் காட்டின. எனினும் சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனத்துக்கும் அம்மையாருக்கும் இடையே உறவு முறிந்தது. ஒரே கையிலிருந்து வரும் பணம் அந்தக் கை மூடும்போது நின்றுபோகும் என்பதும் இதில் நமக்கு ஒரு பாடம். இதே அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்ததும் நம் மண்ணுக்குக் கிடைத்த பேறாகும்.

மன்னானத்துப் பிடி அரிசி

இனி நம் அண்டை மாநிலமான கேரளத்துக்கு வருவோம். புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் 1846ஆம் ஆண்டு மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி ஒன்றை நிறுவினார். முதன்மைக் குருவாக இருந்தபோது, 1864ஆம் ஆண்டு, ஆலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கட்டளையிட்டார். பள்ளியைத் திறந்தால் மட்டும் போதுமா? பசித்த பிள்ளை படிக்க வருமா? இதற்கு அடிகளார் கண்ட வழிதான் பிடி அரிசி. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலத்தில் எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கினார்கள்.

பிரோபெலின் திட்டத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து தாலர் கொடுக்கச் சிலரால்தான் முடியும். ஒரு பிடி அரிசி கொடுக்க ஏறக்குறைய எல்லாராலும் முடியும். கொடுத்தவள் தன் பிள்ளையையும் அதே பள்ளிக்குத் தயக்கமின்றி அனுப்புவாள். மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டு தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை நூறாண்டு கடந்தும் நிலைத்திருப்பது, இவ்வழியின் வலிமைக்குச் சான்று. ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை நம் ஆண்டவர் ஏன் பாராட்டினார் என்பது இங்கே விளங்குகிறது.

நம் தமிழகத்தில்

1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு பரவத் தொடங்கியபோது, ஊர் மக்களின் நன்கொடையே அதற்கு முதல் ஆதாரமாயிற்று. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பணமும் பொருளும் மனமுவந்து அளித்தனர். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் தொடங்கின. ஊரார் சுமந்த பாரத்தில் பெரும் பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது.

ஆயினும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கே உரிமை வழங்குகிறது. தனியாகப் பாலர் பள்ளி நடத்துவோர் பெரும்பாலும் கட்டணத்தையே நம்புகின்றனர். முழுச் செலவையும் கட்டணத்தில் எடுத்தால், யாருக்காகப் பள்ளி வேண்டுமென்று ஏங்கினோமோ அந்தக் கூலித் தாயின் பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கும். இதுவே நம் முன்னுள்ள சோதனை.

நமக்குரிய வழி

பள்ளிக்கு இருவகைச் செலவுகள் உண்டு. கட்டடம், கழிப்பறை, விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை ஒருமுறைச் செலவு. ஆசிரியை, ஆயாவின் சம்பளமும் பிள்ளைகளின் சிற்றுண்டியும் மாதந்தோறும் வரும் செலவு. திருவிழா ஏலம், கலை நிகழ்ச்சி, உணவுத் திருவிழா, யூபிலி மலர் விளம்பரம் ஆகியவை முதல்வகைக்கு ஏற்றவை. அவற்றை நம்பி ஆசிரியையை அமர்த்தினால், விழா முடிந்த மூன்றாம் மாதம் சம்பளம் நின்றுவிடும். புனித தொன் போஸ்கோ பரிசுச்சீட்டு நடத்தி ஆலயம் கட்டியதைச் சிலர் நினைவூட்டுவர். நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டதை அவர்கள் மறக்க வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். ஆகவே நம் கையே நமக்கு உதவி.

மாதச் செலவுக்குப் பிடி அரிசியே வழி. ரேஷன் அரிசியை வாங்கி விற்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்பதால், அரிசிக்குப் பதில் உலை வைக்கும்போது இரண்டு ரூபாயை வீட்டு உண்டியலில் போடலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 60 ரூபாய். 200 குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் 12,000 ரூபாய். முழுச் செலவுக்கும் இது போதாதுதான். ஆனால் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைப் பெருமளவு குறைக்க இது உதவும். அன்பியந்தோறும் உண்டியலைத் திறந்து எண்ணி, வரவு செலவை மாதந்தோறும் திருப்பலி முடிவில் வாசித்தல் வேண்டும். கணக்குத் தெளிவாக இருக்கும் இடத்தில் காணிக்கை வற்றாது. பணம் கொடுக்க இயலாதோர், மாண்டிசோரி அம்மையாரின் தாய்மார்களைப் போல், வாரம் ஒருநாள் உழைப்பைக் கொடுக்கட்டும்.

யூபிலி ஆண்டு என்பது பழைய ஏற்பாட்டுக் காலத்தில் கடன் நீங்கி, இழந்த நிலம் உரியவனிடம் திரும்பிய ஆண்டு. நம் பங்கின் எந்தக் குழந்தையும் பணமின்மையால் பள்ளி வாசலில் நிற்காத ஆண்டாக இது அமைந்தால், அதுவே நாம் கொண்டாடும் உண்மையான யூபிலி. குழந்தைகளை அருகழைத்து அரவணைத்த ஆண்டவர் இம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக!