பசு என்னும் சொல்லின் வரலாறு

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் நடுநின்ற பசு என்னுஞ் சொல், உலகவழக்கில் ஆவினையும் சித்தாந்த நூல்களில் உயிரினையும் உணர்த்தும். ஆவின் பெயர் உயிர்க்கு ஆயினமை எங்ஙனமெனின், பாசத்தாற் கட்டுண்டமையான் என்பது ஆசிரியர் கூறும் விடை. சொல்லின் வரலாறு இவ்விடைக்கு மாறோ, துணையோ என்பது ஆராயத்தக்கது.

பசு என்பது வடசொல். அப்பொருட்குரிய தமிழ்ச்சொற்கள் ஆ, ஆன் என்பன. பசுமை என்பதன் அடியாகிய தமிழ்ச்சொல் ஒலியால் ஒப்பினும் பிறப்பால் வேறாம். வடசொல்லின் இனமோ பிறநாடுகளிலும் பரந்துளது. அவெத்தா மொழியில் அது பசு என்றே வழங்கும்; இலத்தீனிற் பெகுசு ஆகும்; செர்மானிய இனத்துக் கோத்திய மொழியில் ஃபெகு ஆகும். வடமொழிச் சகரம் இலத்தீனிற் ககரமாதலைச் சதம், கெந்தும் என்னும் நூற்றின் பெயர்களிற் காண்க. பகரம் செர்மானிய மொழிகளில் ஃபகரமாதலை யாக்கோபு கிரிம் என்பார் 1822-இல் விதியாக வகுத்தனர்.

இனிப் பொருளை நோக்குவாம். இலத்தீனிற் பெகுசு கால்நடை. அதன்வழிப் பிறந்த பெகூனியா பணம். கோத்தியச் சொல்லின் பொருள் செல்வம். தமிழிலும் மாடு என்னுஞ் சொல் செல்வத்தை உணர்த்துதல் திருக்குறட் கல்வியதிகாரத்தாற் பெறப்படும். ஆகவே பசு என்பது முதற்கண் ஆவொன்றையே குறியாது, ஒருவன் தன் உடைமையாகக் கொண்டு புரக்கும் விலங்கனைத்தையும் குறித்ததென்க.

அதர்வவேதத்துப் பதினோராங் காண்டம் பசுபதியை முன்னிலைப்படுத்தி, ஆ, குதிரை, மக்கள், வெள்ளாடு, செம்மறி என்னும் ஐந்தும் அவனுக்குரிய பசுக்களாகப் பகுக்கப்பட்டன என்கின்றது. மக்களும் பசுவே என்னுங் கொள்கை சித்தாந்த நூல்களுக்கு நெடுங்காலம் முற்பட்டதென்பது இதனால் விளங்கும்.

சதபதப் பிராமணம், பிரசாபதியாற் காணப்பட்டமையிற் பசுவாயிற்று என்னும். சைவநூல்கள் கட்டுண்டமையின் என்னும். மொழிநூலாரிற் பலர் பசு, பாசம் இரண்டற்கும் வெவ்வேறு வேர் கூறுவர். இதனாற் சித்தாந்தத்திற்கு இழுக்கொன்றுமில்லை. நிருத்தம் பொருளை விளக்க எழுந்தது. சொற்பிறந்த காலத்தை உரைக்க எழுந்ததன்று. உயிர் கட்டுண்டதென்பது அளவைகளால் நிறுவப்பெற்றதன்றிச் சொல்லாராய்ச்சியால் நிறுவப்பெற்றதன்று.

சொல்வரலாறு தரும் பயன் வேறொன்றுண்டு. கட்டுண்டமை பற்றிய பெயர் பெத்தநிலைக்கே பொருந்தும். உடைமை பற்றிய பொருளோ முத்தியினும் பொருந்தும். பாசம் நீங்கியவழிப் பசுத்துவம் நீங்குமாயினும், உயிர் பதிக்கு உடைமையாந்தன்மை நீங்குவதில்லை. முத்தியினும் உயிர் இறைவனுக்கு அடிமையே என்னுஞ் சைவத்துணிபிற்கு இப்பழஞ்சொல்லும் ஒரு சான்றாய் நிற்றல் காண்க.