கடுதாசி: தோட்டத்துத் தாள்களில் ஒரு சொந்தத் தாள்

இலங்கை மலையகத்தின் ஊவாப் பகுதியில் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் பெரியவர்கள் கடிதத்தைக் ‘கடுதாசி’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதே சொல் ‘கடதாசி’ என்று ஒலித்து வெறும் தாளைக் குறிக்கிறது. சீட்டுக்கட்டுக்கும் அங்கே கடதாசிக் கூட்டம் என்று பெயர். சிங்களத்திலும் ‘கடதாசி’ என்றால் தாள்தான். மலையக மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். தாங்கள் விட்டுவந்த ஊர்களில் கடுதாசி என்பதற்கு எழுதி அனுப்பிய மடல் என்று இருந்த பொருளையே அவர்கள் மலையிலும் காத்துவந்தார்கள்.

சொல்லின் வேர் வெகு தொலைவில் இருக்கிறது. பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் கார்த்தேஸ். அது அரபியில் கிர்த்தாஸ் ஆகி, போர்த்துக்கீசியத்தில் கார்த்தாஸ் ஆகி, தமிழில் கடுதாசி ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இந்தியப் பெருங்கடலில் கார்த்தாஸ் என்பது ஓர் அனுமதிச் சீட்டு. போர்த்துக்கீசியர் கொடுத்த அந்தச் சீட்டு இல்லாத வணிகக் கப்பல் சரக்கோடு பிடிபடும். கடலைக் கடக்க ஆள்பவன் கொடுத்த தாளின் பெயர், பிற்காலத்தில் கடலைக் கடந்து உறவைத் தேடிப் போன தாளுக்குப் பெயராக நின்றது.

கடுதாசியின் அண்டை அயல் சொற்களும் இப்படிப் பல வழிகளில் வந்தவைதான். காகிதமும் பேச்சு வழக்கின் காயிதமும் பாரசீகக் காகஸின் வழி வந்தவை. தபால் மராத்தியிலும் கன்னடத்திலும் புழங்கும் சொல். இலங்கைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரும் அதைத் தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தபாற் கந்தோர் என்பதில் உள்ள கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ஓலை, திருமுகம் என்ற நம் பழைய சொற்கள் இலக்கியத்தில் தங்கிவிட, வாழ்க்கையைச் சுமந்தவை இந்த வந்தேறு சொற்களே.

தோட்டத்தில் தாளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் அந்தத் தாள்கள் எல்லாம் மேலிருந்து வந்தவை. ஒரு தோட்டத்துக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி அந்தத் துண்டைக் காட்டித்தான் தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியும். கடனும் ஆளும் ஒன்றாகக் கைமாறிய இந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. வேலையிலிருந்து நிறுத்தி லயம் என்ற வரிசைக் குடியிருப்பை விட்டு வெளியேற்றப் ‘பத்துச்சீட்டு’ வந்தது. மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு விண்ணப்பப் படிவங்கள் வந்தன. இவற்றில் ஒன்றையும் தொழிலாளி எழுதவில்லை. எழுதப்பட்டதற்குக் கைநாட்டு மட்டும் வைத்தார். அவர் சொல்ல, அவர் பேரால் எழுதப்பட்ட ஒரே தாள் கடுதாசி. சொல்லாராய்ச்சியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்த நாடற்றவர்கள் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று விண்ணப்பம் போட்ட குடும்பங்கள் ஊவாவில் ஏராளம். இந்தியாவுக்கு என்று ஆனவர்கள் பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். ஸ்டேஷன்தோறும் அழுகுரல் கேட்டதால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் விழுந்தது. போனவர்களில் பலருக்குக் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் கேரள, கர்நாடக ரப்பர்த் தோட்டங்களிலும் வேலை கிடைத்தது. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்கள்’ ஆனார்கள்.

அதன் பிறகு குடும்பத்தை ஒன்றாக வைத்திருந்தது கடுதாசி. உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே ‘நலம், நலமறிய அவா’, பிறகு ‘இப்பவும்’ என்று தொடங்கிச் சேதிகள். பசு கன்று போட்டது, மகள் பெரியவளானது, கொழுந்து குறைந்தது எல்லாம் அதில் வரும். ‘இதைத் தந்தி போல் பாவித்துப் பதில் எழுதவும்’ என்று முடியும். கல்யாணச் சேதி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. சாவுக் கடுதாசியை மட்டும் படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். எழுதத் தெரியாத தாய் சொல்லச் சொல்லப் பள்ளி வாத்தியாரோ படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுதினார். வந்த கடுதாசியையும் அவரே உரக்கப் படித்தார். லயமே கூடிக் கேட்டது.

அந்தக் கடுதாசி வந்து சேருவதும் எளிதாக இல்லை. லயத்துக் காம்பிராவுக்கு, அதாவது அறைக்கு, தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாற் கந்தோர் இருக்கும் நகரம், அவ்வளவுதான் விலாசம். தபால் பை தோட்டத்து ஆபீசில் இறங்கும். அங்கிருந்துதான் கடுதாசி லயத்துக்குப் போக வேண்டும். தாமதமும் தொலைதலும் மலையகத்தின் நெடுங்கால முறைப்பாடு.

தமிழர் மீதான வன்செயல்களும் உள்நாட்டுப் போரும் இந்தப் பிரிவை இன்னும் கூறு போட்டன. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கே வன்னியில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களுக்குக் காந்தீயம் இயக்கம் துணை நின்றது. 1983 ஜூலையில் பதுளை நகரிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரம் பேர் தோட்டங்களில் தங்கிவிட்டார்கள். பதுளையில் இருந்த அக்காவுக்கு ஒரு தம்பி கோத்தகிரியில், இன்னொரு தம்பி வன்னியில் என்று ஆனது. கோத்தகிரித் தபால் வந்தது. வன்னித் தபால் சண்டையோடு நின்று நின்று வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த செய்தித் தாளில் குடும்பச் சேதி மட்டும் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. கடுதாசி என்ற சொல்லுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்ற பொருள் சேர்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. கைப்பேசியும் வந்தது. அண்ணன் முகத்தைத் திரையில் பார்க்கும் தலைமுறை கடுதாசி எழுதுவதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துண்டும் பத்துச்சீட்டும் ஒப்பந்தமும் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்க, கடுதாசிகள் லயத்து டிரங்குப் பெட்டிகளில் கறையான் அரித்துக் கிடக்கின்றன. மேலிருந்து எழுதப்பட்டவை மட்டும் மிஞ்சினால், மலையகத்தின் வரலாறு துரையின் வரலாறாகவே இருந்துவிடும்.

ஆகவே பசறையிலோ கூடலூரிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய கடுதாசி இருந்தால், எறியாதீர்கள். எழுதியவர் யார், யாருக்கு, எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டார் சம்மதித்தால் படி எடுத்து, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற ஓரிடத்தில் சேருங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.