கரித்தாளில் பிடிபட்ட பிளவு

நில அதிர்வுப் பதிவில் ஒரு விநாடி பிசகினால், நடுக்கம் பிறந்த இடம் ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கடினப் பாறைக்குள் முதல் அலை விநாடிக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஓடுகிறது. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நடுக்கங்கள் கிளம்பும் பரப்பு மொத்தமே 30 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் அகலம்தான். அந்த மண்ணுக்கு அடியில் கிடக்கும் பிளவைக் கண்டுபிடித்த வரலாற்றில் பாதி கடிகாரங்களைப் பற்றியது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கல்யாணமாகி மாயவரத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்குப் போய், ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் பதிவுத்தாள் படிக்கும் வேலையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். விஞ்ஞானிகள் வரைபடத்தில் வைத்த புள்ளிகளுக்கு நேரம் எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருத்தி, அவ்வளவே.

கொய்னா ஆறு மகாபலேஷ்வரில் பிறந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பை ஒட்டித் தெற்கே ஏறக்குறைய நேராக ஓடிவருகிறது. ஹெல்வாக் என்ற ஊரில் சட்டென்று கிழக்கே திரும்பி, கராடில் கிருஷ்ணாவோடு சேர்கிறது. திருப்பத்துக்குச் சற்று மேலே 103 மீட்டர் உயர அணை. 1960களின் தொடக்கத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதுமே சுற்றுவட்டாரத்தில் லேசான அதிர்வுகளும், பூமிக்குள் யாரோ வெடி வைப்பது போன்ற சத்தமும் கேட்க ஆரம்பித்தன. 1963-ல் புனேயின் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அணையைச் சுற்றி அதிர்வுமானிகளை வைத்தது. தக்காணம் அசையாத நிலம் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் கருவி வைத்தார்களே, அந்த முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

1967 டிசம்பர் 11, விடிகாலை 4 மணி 21 நிமிடம். 6.3 அளவில் நடுக்கம் வந்தது. கொய்னாநகர் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 180 முதல் 200 பேர் என்று கணக்குகள் சொல்கின்றன. புவியீர்ப்பில் இருபதில் ஒரு பங்கு ஆட்டத்தைத் தாங்கும்படி கட்டிய அணை அது. அதற்குள்ளே இருந்த முடுக்கமானி 0.63 பங்கு என்று பதிவு செய்தது. அணையில் விரிசல் விட்டது, ஆனால் நின்றுவிட்டது. நில அதிர்வில் அணை என்ன பாடுபடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உலகெங்கும் இன்றுவரை அந்தப் பதிவைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

அதன்பிறகு நடந்த விவாதமெல்லாம் அணைதான் காரணமா என்பதைச் சுற்றியே போனது. பெரிய பட்டிமன்றம். அந்தச் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போயிற்று: எது உடைந்தது? எந்தப் பக்கமாக, எவ்வளவு ஆழத்தில்? நானெல், கடோலி, டோனாசிவாடா ஊர்களை ஒட்டி வடக்கு-வடகிழக்குத் திசையில் நிலம் வெடித்திருந்தது உண்மைதான். ஆனால் தரையில் காண்கிற வெடிப்பை மட்டும் வைத்து அடியில் உள்ளதைச் சொல்ல முடியாது. அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கனத்துக்கு எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் அடுக்குகள் கிடக்கின்றன. உடையும் கிரானைட் பாறை அதற்கும் கீழே. எந்தப் புவியியலாளரின் சுத்தியும் அதைத் தொடாது.

அப்போது தொடக்கூடியது அலை ஒன்றுதான். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக அமெரிக்கா 1960களில் உலகம் முழுக்க ஒரே மாதிரியான அதிர்வுமானிகளை வைத்தது. நம் கொடைக்கானலிலும் ஒன்று இருந்தது. கொய்னாவின் அலை ஒவ்வொரு நிலையத்தையும் எட்டியபோது ஊசி முதலில் மேலே போயிற்றா, கீழே போயிற்றா என்று பார்ப்பார்கள். மேலே என்றால் பாறை அந்த நிலையத்தை நோக்கித் தள்ளப்பட்டது, கீழே என்றால் பின்னுக்கு இழுக்கப்பட்டது. இந்த மேல்-கீழ்களை உருண்டைப் படத்தில் குறித்தால் நான்கு பாகமாகப் பிரியும். பிரிக்கும் தளங்கள் இரண்டு. அவற்றில் ஒன்றுதான் பிளவு. எது என்று படம் சொல்லாது! கொய்னா விஷயத்தில் செங்குத்தாகச் சரிந்தது என்றார்கள் சிலர். பக்கவாட்டில் இடதுபுறமாக நழுவியது என்றார்கள் வேறு சிலர். 1976-ல் லாங்ஸ்டன் என்ற அமெரிக்கர், ஊசியின் முதல் அசைவோடு நிற்காமல் அலையின் முழு உருவத்தையும் கணக்கிட்டு, இடப்பக்க நழுவல்தான், ஆழம் நாலரை கிலோமீட்டர் அளவில்தான் என்றார். வழக்கு அவர் பக்கம் சாய்ந்தது.

பெரிய நடுக்கம் ஒரே ஒரு புள்ளியைத் தருகிறது. பிளவின் நீளம், சாய்வு, கிளைகள் எல்லாவற்றையும் காட்டுபவை அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான சில்லறை நடுக்கங்கள். மனிதர்களால் உணரவே முடியாதவை. அவைதான் எங்கள் மேசைக்கு வந்தன.

வழவழப்பான வெள்ளைத்தாளை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்ச் சுடருக்கு மேலே நிதானமாகச் சுழற்றுவார்கள். சீராகக் கரி படிய வேண்டும். அதிகம் படிந்தால் ஊசி தடுக்கும், குறைந்தால் கோடு தெரியாது. உருளை சுழலச் சுழல ஊசி கரியைக் கீறி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போகும். மறுநாள் தாளைக் கழற்றி ஷெல்லாக் கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள், கரி ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் வரும்போது தாளில் ஸ்பிரிட் வாடை இன்னும் போயிருக்காது. மூலையில் பார்வையாளரின் கட்டைவிரல் ரேகை அச்சுப் போட்டதுபோல் விழுந்திருக்கும். நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய தாள் என்றால் ஒரு விநாடி ஒரு மில்லிமீட்டர். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள இடைவெளியை எட்டால் பெருக்கினால் தூரம், தோராயமாகக் கிலோமீட்டரில் வரும். ஓமோரி என்ற ஜப்பானியர் கொடுத்த வாய்ப்பாடு. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த நடுக்கத்துக்கு அந்த இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டர். அதற்குள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிரித்துப் படிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்த தாளை நான் மறுநாள் காலையில் இன்னொரு தரம் பார்க்காமல் கொடுத்ததில்லை.

இடைவெளிக்குக் கடிகாரம் தேவையில்லை. ஆனால் ஐந்தாறு நிலையங்களின் பதிவைச் சேர்த்து இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்போது சிற்றலையில் ஏடிஏ என்ற பெயரில் நேரம் ஒலிபரப்பும். அதன் 'டிக்'கைத் தாளில் விழச் செய்து கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்து அனுப்புவார்கள். வானம் தெளிவாக இருந்தால் சரி. மலைக்காட்டில் ஜூன் பிறந்தால்? ஒரு நிலையத்தின் பார்வையாளரை எல்லாரும் காகா என்றே கூப்பிடுவோம். மழைக்காலத்தில் தாள்கட்டோடு வந்தால் எனக்கு முன்னாடியே சொல்லிவிடுவார்: "தாயி, ரேடியோவுல கரகரன்னு சத்தம்தான் வருது. முந்தாநாள் கடிகாரம் எவ்வளவு ஓடுச்சோ, அதையே ரெண்டு நாளுக்கும் எழுதிட்டேன். கோவிச்சுக்காதீங்க." கோபித்து என்ன செய்ய? வேடிக்கை என்னவென்றால், கொய்னாவில் நடுக்கம் கூடுவதே மழை பெய்து அணை நிரம்பும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான். பிறகு டிசம்பர் வாக்கில் இன்னொரு தரம். தரவு கொட்டுகிற மாதங்களில்தான் நேரம் சந்தேகமாக இருந்தது.

இதனால் ஆரம்பகால வரைபடங்களில் பிளவு கோடாக இல்லை, திட்டாக இருந்தது. அலை எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற ஊகமும் படுத்தியது. ஒரு பசால்ட் அடுக்கு இறுகிய கல்லாக இருக்கும், அடுத்தது குமிழ் ஓட்டைகள் நிறைந்து பலவீனமாக இருக்கும். மொத்தத்துக்கும் ஒரே வேகம் என்று வைத்துக் கணக்கிட்டால் ஆழம் தாறுமாறாக வரும். ஆழம் எப்போதுமே முரண்டு பிடிக்கிற எண். நடுக்கத்துக்கு நேர் மேலே அருகில் ஒரு நிலையமாவது இல்லாவிட்டால் அது எதற்கும் கட்டுப்படாது. 1980-ல் ரஸ்தோகியும் தல்வானியும் பழைய நடுக்கங்களுக்கு மறுபடி இடம் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1997-ல் தல்வானி தனியாக எழுதிய கட்டுரையில் படம் இன்னும் துலங்கியது: வடக்கு-வடகிழக்காகப் போகும் பிளவுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் வடமேற்கு-தென்கிழக்குப் பிளவுகள், நடுவே துண்டு துண்டாகப் பாறைப் பாளங்கள். ஒற்றைக் கத்திக்கீறல் என்று நினைத்திருந்தது உண்மையில் ஒரு பின்னல். தெற்கே வாரணா அணையில் 1985-ல் நீர் தேக்கத் தொடங்கி, 1993 வாக்கில் நடுக்கங்கள் அங்கேயும் பெருகியபோது, இந்தப் பின்னல் இல்லாமல் அதை விளக்கியிருக்க முடியாது என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் நேரம் வந்தபிறகு காகாவின் கவலை ஒழிந்தது. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் 2005-லிருந்து டிஜிட்டல் நிலையங்களை அமைத்தது. பிறகு கிரானைட்டுக்குள்ளேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு ஆழத்துக்குத் துளையிட்டு அதிர்வுமானிகளை இறக்கினார்கள். பசால்ட் அடுக்குகள் அலையைச் சிதைக்கும் தொல்லை போயிற்று. ராசாட்டியில் இட்ட துளையில் பசால்ட் 933 மீட்டரில் முடிந்தது. கோத்தனேயில் 1,247 மீட்டர் வரை நீண்டது. கோத்தனே துளை 2017-ல் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டது. அலைகள் மட்டுமே எட்டிப் பார்த்த இடத்திலிருந்து பாறைத்தூளே மேலே வந்தது.

புதுக் கருவிகள் வந்தால் பழைய தாள்கள் குப்பை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. கொய்னாவின் மிக மூர்க்கமான வருடங்கள் 1967-லிருந்து 1973 வரை. அவற்றின் உள்ளூர்ப் பதிவு தாளிலும் படச்சுருளிலும் மட்டுமே உண்டு. அவற்றின் நேரம் நம்ப முடியாததாக இருக்கலாம். ஆனால் ஊசி முதலில் மேலே போயிற்றா கீழே போயிற்றா என்பதைப் படிக்கக் கடிகாரமே தேவையில்லை. அதை மட்டும் எடுத்து, இன்று தெரிந்திருக்கும் பிளவுகளின் மேல் வைத்துப் பார்த்தாலே, பின்னலின் எந்த இழை அந்த வருடங்களில் நழுவியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எஞ்சியிருக்கும் சுருள்களை ஸ்கேன் செய்ய ஒரு நல்ல இயந்திரமும், ஷெல்லாக் பொரிந்து கரி உதிராமல் தாளை விரிக்கத் தெரிந்த இரண்டு கைகளும் போதும்.