தோல் வாணிகர் தித்து

நம் ஊர்களில் திருச்சபையின் வரலாற்றை உரைக்கத் தொடங்குவோர், கப்பலேறி வந்த ஐயர்மாரின் பெயர்களிலிருந்தே தொடங்குவது வழக்கமாயிற்று. அவர்தம் பணியை நாம் மறுப்பவர் அல்லர். அவர்கள் திறந்த பள்ளிகளிலேதான் நம் பாட்டனார் பலர் எழுத்தறிந்தனர். ஆயினும் அவ்வரலாற்றின் முதற்பக்கம் வேறொருவர் கையால் எழுதப்பெற்றது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அதற்குச் சான்றாகப் பஞ்சாபிலே நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

சியால்கோட்டு நகரம் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அமெரிக்கப் பிரஸ்பிடேரியன் மிஷனார் 1855ஆம் ஆண்டில் அங்கே பணி தொடங்கினர். உயர்குலத்தார் மனந்திரும்பினால் ஏனையோர் தாமே பின்தொடர்வர் என்பது அக்கால மிஷனெரிகள் பலருடைய எண்ணம். பதினேழு ஆண்டுகள் உழைத்தும் சபையில் சேர்ந்தவர் சிலரே. 1872இல் நத்து என்னும் ஜாட் குலத்தவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் நிலபுலம் உடைய ஊர்த்தலைவரின் மகன். மிஷனார் அவர்மீது பெரும் நம்பிக்கை வைத்தனர், அது நிறைவேறவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் வீண்போகவில்லை. தித்து என்பவருக்கு அவர் நற்செய்தியைச் சொன்னார்.

தித்து, சூரா என்றழைக்கப்பட்ட குலத்தவர். இச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. வரலாற்றின் பொருட்டு ஒருமுறை எழுதினோம், இனி எழுதோம். அம்மக்கள் ஜாட் உழவர்களின் வயல்களில் உழைத்தனர், சாணம் அள்ளினர், தெருக் கூட்டினர், செத்த மாட்டை அப்புறப்படுத்தினர். அறுவடைக் காலத்தில் கிடைக்கும் தானியமே ஊதியம். நம் பெரியோர் பட்டதை அறிந்தவர்க்கு இதற்குமேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தித்து குள்ளமானவர், கறுத்த மேனியர், ஒரு கால் ஊனம். வயது முப்பதளவில் இருக்கும். சுற்றுப்புற ஊர்களில் தோல் வாங்கிப் பெருவணிகருக்கு விற்பது அவர் பிழைப்பு.

1873 ஜூன் மாதத்தில் நத்து அவரைச் சியால்கோட்டுக்கு அழைத்துச் சென்று, கனம் சாமுவேல் மார்ட்டின் ஐயர் முன்னே நிறுத்தினார். தித்து ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் வினாக்கள் தொடுத்தார். விடைகளில் குறை காணவில்லை. ஆயினும் தயங்கினார். அங்கே தங்கிச் சிறிது காலம் பயிலட்டும் என்பது அவர் கருத்து. தித்துவோ உடனே ஊர் திரும்ப வேண்டும் என்றார். மறுப்பதற்கு வேதத்தில் காரணம் ஏதும் காணாமையால், ஐயர் அரைமனத்தோடு ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்நாளில் கிறிஸ்தவரானவர் பெரும்பாலும் மிஷன் வளாகத்துக்குள்ளேயே தங்கிவிடுவர். வீடு, வேலை, பாதுகாப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். பிறந்த தெருவோடு உறவு அறுந்துபோகும். எழுத்தறியாத அந்த மனிதர், ஐயர் காணாத ஒன்றைக் கண்டார். தம் மக்களிடையே வாழாத விசுவாசம் தம் மக்களுக்கு எவ்வாறு போய்ச் சேரும்?

ஊரில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு இனியதன்று. துரையாகிவிட்டாயோ என்று சுற்றத்தார் எள்ளினர். நொண்டிக் காலைச் சொல்லியும் ஏளனம் செய்தனர். எங்களைக் கேளாமல் மதம் மாறினாய், இனி உறவில்லை என்றார் வீட்டுப் பெண்களில் ஒருவர். தித்து சண்டையிடவில்லை, ஊரை விட்டு அகலவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், தம் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர் ஆகியோரோடு மீண்டும் சியால்கோட்டுக்கு வந்தார். வழி முப்பது மைல். நால்வருக்கும் தாமே போதித்திருந்தார். ஐயர் சோதித்துப் பார்த்து வியந்து, ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்கள் உடனே ஊர் திரும்பினர். 1874 பிப்ரவரியில் மேலும் நால்வர் வந்தனர்.

அவர் தொழிலை விடவில்லை என்பதே நம் உள்ளத்தைக் கவர்கின்றது. தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் விலை பேசிய வாயாலேயே கிறிஸ்துவையும் பேசினார். சம்பளம் இல்லை, உணவைத் தம் உழைப்பால் தேடிக்கொண்டார். மிஷன் உதவி பிற்காலத்திலேயே வந்தது. பதினோராம் ஆண்டில் அவ்வட்டாரக் கிறிஸ்தவர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டனர். தாழ்த்தப்பட்டோர் திரண்டு வந்தால் உயர்குலத்தார் வரமாட்டாரே என்று மிஷனெரிகளுள் சிலர் கலங்கியதும் உண்டு. கலங்கியவர்க்காக மக்கள் காத்திருக்கவில்லை. 1881இல் பஞ்சாபில் சில ஆயிரமாக இருந்த இந்தியக் கிறிஸ்தவர், 1931இல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டனர்.

தென்னாட்டிலும் இவ்வாறே. மயிலாடியின் மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சையில் கோலாப் ஐயரிடம் வேதமாணிக்கம் என்னும் பெயர் பெற்றுத் திரும்பினார். அவர் அழைக்க, அதன்பின்னரே 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடி சேர்ந்தார்.

ஆனால் நிலம்? பஞ்சாபில் 1900ஆம் ஆண்டின் நிலமாற்றுச் சட்டம், விவசாயக் குலம் எனக் குறிக்கப்படாதவர் அக்குலத்தாரிடமிருந்து நிலம் வாங்குவதைத் தடுத்தது. தித்துவின் மக்கள் அத்தடையில் சிக்கினர். கால்வாய்ப் பாசனப் பகுதியில் மார்ட்டின்பூர் போன்ற ஊர்களில் சிலருக்கே உழுநிலம் கிட்டியது. பாகிஸ்தானின் பல நகரங்களில் இன்றும் துடைப்பமும் சாக்கடையும் கிறிஸ்தவர் கையிலேயே உள்ளன.

எல்லைக்கு இப்பால், இந்தியப் பஞ்சாபில், அதே குலத்திலிருந்து சீக்கியரானவர் மஸ்ஹபியர் எனப்படுவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியில் சேர்த்தது. 1956இல் எல்லாச் சீக்கியத் தாழ்த்தப்பட்டோருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அவ்வுரிமை வந்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் வரவில்லை. குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முன்னோரின் வழிவந்த இரு மாணவர் ஒரே பள்ளிக்கு வரக்கூடும். ஒருவருக்குச் சான்றிதழ் உண்டு, மற்றவருக்கு இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மதம் என்னும் கட்டத்தை நிரப்பும்போது நம் பேனாவும் பன்முறை தயங்கியதுண்டு. எதிரே நின்ற தந்தையர் தயங்கவில்லை. கிறிஸ்தவன் என்றே எழுதச் சொன்னார்கள்.