காரின் மேல் ஒட்டும் படலம்: அதன் எல்லைகள் வகுக்கப்பட்ட வரலாறு

காரின் வண்ணப்பூச்சின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற பாலியூரித்தேன் படலம், பேச்சில் ‘பிபிஎஃப்’ என மூன்றெழுத்தாகச் சுருங்கி வழங்குவது, மின்சாரக் கார் வாங்குவோர் பலருக்கு வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே தீர்மானிக்க வேண்டிய செலவாகிவிட்டது. முன்பம்பரோடு நிறுத்துவதா, பானெட் முழுவதையும் சேர்ப்பதா, கதவுகளின் அடிவிளிம்பையும் உட்படுத்துவதா, வண்டி முழுவதையும் போர்த்துவதா என்று படலம் ஒட்டும் கடைக்காரர் நீட்டும் பட்டியல், கல் எங்கே தெறிக்கிறது என்பதை மட்டும் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டதன்று. படலம் எவ்வளவு அகலத்தில் கிடைத்தது, அதை எதைக்கொண்டு வெட்டினார்கள், காரின் முகம் எந்த வடிவில் இருந்தது என்பவற்றைப் பொறுத்து அதன் ஒவ்வொரு படியும் வெவ்வேறு காலத்தில் உருவானது.

காக்கப்பட வேண்டிய பொருளே எவ்வளவு மெல்லியது என்பதிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். தொடக்கக் காலக் கார்களுக்குக் குதிரைவண்டிக்குப் பூசியதைப் போலவே வார்னிஷை அடுக்கடுக்காகத் தூரிகையால் பூசி, வாரக்கணக்கில் உலர்த்தினர். 1920களில் டூபான்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தபின் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறைந்தது. 1980களில் பரவலான முறையிலோ நிறம் தரும் அடுக்கு ஒன்றும், அதன் மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற மெருகு அடுக்கு ஒன்றும் தனித்தனியே பூசப்படுகின்றன. பளபளப்பு முழுவதும் மேலடுக்கில் தங்கியிருக்க, அந்த அடுக்கோ பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைவாகவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் முன்வண்டியின் டயர் எறியும் சிறுகல் இதைத் துளைத்து அடிப்பூச்சுவரை எட்டுவது வியப்புக்குரியதன்று.

அமெரிக்காவில் இதற்கு முதலில் பரவலான மருந்து, காரின் மூக்கில் கொக்கிகளால் இழுத்துக் கட்டப்பட்ட கறுப்பு வினைல் உறை. 1980களின் விளையாட்டுக் கார்களில் அது ஓர் அலங்காரமாகவே ஆகிவிட்டிருந்தது. உறைக்கும் வண்ணத்துக்கும் இடையே புகுந்த மணல் ஓட்டத்தின் அதிர்வில் உராய்ந்து மெருகைத் தேய்த்ததும், மழைநீர் தேங்கிப் பூச்சைக் கெடுத்ததும் கட்டியவர்கள் பிற்பாடு கண்டறிந்தவை. கல்லடியிலிருந்து காக்கக் கட்டியது தானே ஒரு தேய்ப்புக்கருவியாக மாறியது. அதைவிட நிதானமான ஏற்பாட்டை 1970களின் போர்ஷே 911 டர்போவில் காணலாம்: புடைத்த பின் ஃபெண்டர்களின் முன்விளிம்பில், சக்கரம் எறியும் கல் நேராக வந்து மோதும் இடத்தில் மட்டும், கறுப்பு நிறக் காப்புத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினர். மோதும் இடத்தை அறிந்து அங்கு மட்டும் காப்பிடுவது என்ற எண்ணத்துக்கு இது நல்ல முன்னோடி.

இன்றைய படலத்தின் மூலப்பொருள் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த பாலியூரித்தேன், ரப்பரைப் போல் அடியை வாங்கித் தன் வடிவுக்கு மீளும் இயல்புடையது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழலிகள், நொடிக்கு 200 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தம் நுனியால் புழுதியைக் கிழித்துச் சென்றபோது, உலோக விளிம்புகள் மணலால் அரிக்கப்பட்டன. அவ்விளிம்புகளின் மேல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் நாடா ஒட்டப்பட்டது. கடினமான உலோகம் தேய்ந்த இடத்தில் நெகிழ்வான நாடா தாக்குப்பிடித்ததற்குக் காரணம், மோதலின் விசையை அது எதிர்த்து நிற்காமல் உள்வாங்கிக்கொண்டதே. அந்த நாடா மஞ்சளித்தாலும் சுழலிக்குக் கேடில்லை. வெள்ளைக் காருக்குப் பெருங்கேடு. ஆகவே புறஊதாக் கதிரில் நிறம் மாறும் ‘அரோமாட்டிக்’ வகையைத் தவிர்த்து, வெயிலைத் தாங்கும் ‘அலிஃபாட்டிக்’ வகைப் பாலியூரித்தேனைக் கையாண்ட பிறகே படலம் கார்களுக்கு உரியதாயிற்று.

பந்தயக் கார்கள் வழியாகச் சாதாரணக் கார்களுக்கு அது வந்தபோது, ஒட்டுபவர் படலத்தை வண்டியின் மேலேயே விரித்துக் கத்தியால் வெட்டினார். கை சற்று அழுந்தினால் காக்க வந்த வண்ணத்திலேயே கீறல் விழும். பானெட்டின் முன்பகுதியில் 18 முதல் 24 அங்குலம்வரை மட்டும் ஒட்டி நிறுத்தும் வழக்கம் அந்நாள்களில் வேரூன்றியதற்குக் கற்கள் அங்கே அதிகம் விழுவது ஒரு காரணம் என்றால், குறுகிய சுருளைக் கொண்டே வேலையை முடிக்க முடிந்ததும், அகலமான துண்டைச் சுருக்கமின்றிப் படியவைப்பது கடினமாக இருந்ததும் ஏனைய காரணங்கள். அந்த நிறுத்தக் கோட்டில் அழுக்கும் மெழுகும் சேர்ந்து, சில மாதங்களில் பானெட்டின் குறுக்கே ஒரு கறுத்த வரி தென்படும். 1997இல் டெக்சாசின் சான் அன்டோனியோவில் தொடங்கிய எக்ஸ்பெல், முதலில் விற்றது படலத்தை அன்று, ஒவ்வொரு கார் மாடலுக்கும் அளந்து வரைந்த வெட்டுவடிவங்கள் அடங்கிய மென்பொருளை. கணினி சொல்ல, பிளாட்டர் என்னும் வெட்டுபொறி துண்டுகளை வெட்டித் தந்தது. 60 அங்குலச் சுருளும் கைவந்தபின் பானெட் முழுவதையும் ஒரே துண்டில் மூடி, ஓரத்தை உள்மடித்துக் கோட்டையே மறைக்க முடிந்தது. 2011இல் அதே நிறுவனம், வெயில் அல்லது வெந்நீரின் சூட்டில் மேலோட்டமான கீறல்கள் தாமே மறையும் படலத்தைக் கொணர்ந்தது. முழு வண்டியையும் போர்த்தலாம் என்னும் ஆசைக்கு அதுவே வழி திறந்தது.

மின்சாரக் கார் நுழைந்தபோது இந்தப் பழைய வரைபடம் பொருந்தாமல் போயிற்று. என்ஜினுக்குக் காற்று வேண்டாத வண்டிக்கு முகப்பில் பெரிய சல்லடை தேவையில்லை. கல்லை வாங்கிக்கொண்டிருந்த அந்த இடமும் வண்ணமாக மாறியது. 2012இல் வந்த டெஸ்லா மாடல் எஸ்ஸின் மூக்கில் சல்லடையின் நினைவாக ஒரு கறுப்புத் தகடு இருந்தது. 2016இல் அதுவும் நீங்கியது. 2017இன் மாடல் 3 தொடக்கம் முதலே மூடிய முகத்தோடு வந்தது.

அதைவிடக் கவனிக்கத்தக்கது பக்கவாட்டு. மாடல் 3 போன்ற கார்களில் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடு பின்சக்கரத்தை நெருங்கும்போது வெளிநோக்கிப் புடைத்து வருவதால், முன்டயர் பின்னோக்கி எறியும் மணலும் கல்லும் நேராக அங்கே போய் மோதுகின்றன. சாலையில் மணலும் உப்பும் தூவப்படும் குளிர்நாடுகளில் அவ்விடத்து வண்ணம் தேய்ந்து உதிர்வதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். சேற்றுத் தடுப்பும் காப்புப் படலமும் கொண்ட தொகுப்பை டெஸ்லாவே வழங்க நேர்ந்தது. ‘முன்முகம் மட்டும்’ என்ற பழைய தொகுதியோடு கதவடித் தகட்டையும் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள வளைவையும் சேர்ப்பது இவ்வாறு வழக்கமாயிற்று. 1970களில் போர்ஷே காப்பிட்டதும் ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான்.

சிறு துண்டுகளும் பட்டியலில் சேர்ந்தன: சார்ஜ் செய்யும் கம்பி உராயும் மூடியைச் சுற்றி ஒன்று, உள்ளமுங்கிய கைப்பிடியை விரல் தேடும் இடத்தில் ஒன்று. பம்பரில் மீயொலி உணரிகள் இருந்தால் அவற்றை மூடாமல் வட்டத் துளைகள் விட்டு வெட்ட வேண்டும். 2022 அக்டோபரில் டெஸ்லா அவ்வுணரிகளைக் கைவிடத் தொடங்கியபின், அதே மாடலின் பம்பருக்கு இருவேறு வெட்டுவடிவங்கள் தேவைப்பட்டன. ஆண்டைக் கேளாமல் வெட்டுபவரின் துண்டு பொருந்தாது.

முழு வண்டிப் போர்வைக்கு உந்துதல் கல்லடியைவிடத் தோற்றமே எனலாம். தேர்ந்தெடுக்கச் சில நிறங்களே இருந்த நிலையில், 2023இல் டெஸ்லா தானே நிறமேற்றிய படலத்தை மாடல் 3, மாடல் ஒய் கார்களுக்கு 7,500 டாலர் முதல் விற்க முன்வந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த சைபர்டிரக்குக்கு, பூச்சே இல்லாத துருவேறா எஃகு உடலின் மேல் ஒட்டவும் படலம் விற்கப்பட்டது. கூரைக்கும் பின்மூடிக்கும் கல் வருவது அரிது. ஆகவே நெடுஞ்சாலையில் மிகுதியாக ஓடும் வண்டிக்கு முன்முகமும் அடிவிளிம்பும் போதும் என்பதே கல்தெறிப்பின் போக்கைக் கண்டவர் ஏற்கும் கணக்கு. இந்திய நகரங்களில் நிலைமை சற்று வேறு. நெரிசலில் இருசக்கர வண்டியின் கைப்பிடி உரசுவதும், புழுதியை உலர்துணியால் துடைப்பதும் பக்கவாட்டையே முதலில் கெடுப்பதால், கதவுகளுக்கும் பம்பர் மூலைகளுக்கும் படலம் ஒட்டுவதில் பொருளுண்டு. எனினும் உரசலைத் தாங்கும் படலம் நசுங்கலைத் தடுக்காது. ‘செராமிக் கோட்டிங்’ என விற்கப்படும் திரவப்பூச்சோ நீரை ஓடச் செய்வதன்றிக் கல்லைத் தடுப்பதே இல்லை.

எல்லையைத் தீர்மானிக்குமுன் கேட்க வேண்டிய மற்றொன்று, எந்தத் தகடு முன்பே மறுபூச்சு கண்டது என்பது. தொழிற்சாலைப் பூச்சு அதிக வெப்பத்தில் சுடப்பட்டு உலோகத்தோடு இறுகியது. பட்டறைப் பூச்சுக்கு எப்போதும் அந்தப் பிடிப்பு இருப்பதில்லை. ஆகவே சில ஆண்டுகள் கழித்து ஹீட் கன்னால் சூடேற்றிப் படலத்தை உரிக்கும்போது, மறுபூச்சு கண்ட தகட்டில் வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வரக்கூடும். பழைய வண்டி வாங்கிப் படலம் ஒட்ட வருவோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடும் கடைகள்தாம் நம்பத்தக்கவை.