கால் கோணிய குட்டி: மார்க்கோ போலோவின் மாபார்க் குறிப்பில் ஒரு பாடபேதம்

பாண்டிய நாட்டை மார்க்கோ போலோ ‘மாபார்’ என்று எழுதியதும், ஆண்டுதோறும் அங்கே ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதும் பலரும் எழுதிப் பழகிய செய்திகள். இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய ஒரே ஒரு கூற்று: நல்ல பொலிகுதிரையைப் பெரிய பெட்டையோடு சேர்த்தாலும் அந்நாட்டில் பிறப்பது சிறுத்த, கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத குட்டிதான் என்பது.

இதற்கு ‘நாட்டின் தட்பவெப்பம்’ என்ற காரணத்தை ஆங்கிலம் வழியே பரப்பியவர் வில்லியம் மார்ஸ்டன். அவர் 1818இல் மொழிபெயர்த்தது ராமுசியோவின் 1559ஆம் ஆண்டு இத்தாலியப் பதிப்பை. குதிரை இனத்துக்கே இந்நாட்டுத் தட்பவெப்பம் ஒவ்வாது, பெருக்குவதும் காப்பதும் அதனாலேயே கடினம் என்று அந்தப் பாடம் கருதுகிறது. யூல் 1871இல் வெளியிட்ட பதிப்பிலோ, குதிரைகள் மாள்வதற்குக் காரணம் பராமரிப்பு அறியாமையும் குதிரை வைத்தியர் இல்லாமையுமே. வைத்தியர் யாரும் அங்கே போய்விடாதபடி வணிகர்களே தடுத்தார்களாம். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு விற்பனை படுக்கும் அல்லவா! ஆண்டு முடிவில் எஞ்சுபவை யூலில் 100கூட இல்லை, மார்ஸ்டனில் 300கூட இல்லை. எண் மாறியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காரணம் மாறியிருப்பதுதான் உறுத்துகிறது. ராமுசியோவின் பாடத்திலும் வைத்தியர் குறை சொல்லப்படுகிறது. தட்பவெப்பம் அதற்கு மேல் ஒட்டிய ஒரு கருத்தாகவே தோன்றுகிறது. அது போலோவின் வாயிலிருந்தே வந்ததா, பின்னர் சேர்ந்ததா என்பதை நான் முடிவுகட்ட முனையவில்லை.

யார் சொல்லியிருந்தாலும் அக்கருத்து நிற்காது. குதிரைகள் ஏறிய ஹொர்முஸும் ஏடனும் பாண்டியத் துறைமுகமான காயலைவிடக் குளிர்ந்த ஊர்கள் அல்ல. கரையோர ஈரப்பதம் வேறு என்று வாதிடலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெட்டைக் குதிரையின் சினைப்பருவத்தை நடத்துவது பகல்பொழுதின் நீளம். பகல் அதிகம் குறுகாத தென்பாண்டி நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியும் அது பருவத்துக்கு வரக்கூடும்.

அப்படியானால் குறை இரத்தத்திலா? ஒரே தலைமுறையில் மரபு இப்படிக் கெடாது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்த கேடு என்றும் சொல்வதற்கில்லை. ஹொர்முஸ், கிஷ், ஏடன், துஃபார் எனப் பல துறைகளிலிருந்து வந்த மந்தையில் மரபு வேறுபாட்டுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. வீட்டுக் குதிரைகளின் தாய்வழி மரபே குறைந்தது 77 பெட்டைகளிலிருந்து கிளைத்தது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

எஞ்சுவது தாயின் வயிறு. கேம்பிரிட்ஜில் வால்ட்டனும் ஹாமண்டும் பெருத்த ஷையர் இனத்தையும் குட்டையான ஷெட்லண்ட் இனத்தையும் செயற்கைக் கருவூட்டலால் இருவழியிலும் கலந்து 1938இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஷையர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லண்ட் தாய் ஈன்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. தந்தை தந்த மரபை, பிறக்கும் எடையைப் பொறுத்தவரை, தாயின் உடல் அடக்கிவிட்டது. மாபாரில் பெட்டையும் பெரியது என்கிறார் போலோ. ஆகவே அளவைக் குறை சொல்ல முடியாது, தீனியைத்தான் பார்க்க வேண்டும். சோற்றோடு சமைத்த இறைச்சியைப் போட்டார்கள் என்று அவரே சொல்கிறார். பாரசீகத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபோ வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயிட்டு வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று அடுக்குகிறார். பாலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த தீனி இது. இறைச்சி அக்குறையை இன்னும் கூட்டும். சினைக்குதிரைக்கு இதையே போட்டால் குட்டியின் எலும்பு நேராக வளரும் என்று எதிர்பார்க்க முடியாது. (அரிசி தவிர வேறு தானியமே விளையாத நாடு என்கிறது மார்ஸ்டனின் பாடம். கொள்ளு விளைந்த மண்ணைப் பற்றிய பேச்சு இது!)

இது ஊகம்தான் என்பதை மறைக்கவில்லை. ஒசூரில் 1824இல் தொடங்கிய குதிரைப் பண்ணையை இதற்குச் சான்றாக இழுக்கவும் விரும்பவில்லை. அது மேட்டுநிலம், காயல் கடற்கரை. போலோ மாபாருக்கு வந்த ஆண்டும் தீராத வழக்கு. 1290களின் தொடக்கம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

இதற்கெல்லாம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கப்பலில் பெட்டைகள் எத்தனை வந்தன? மலைமண்டலத்து (கேரள) வணிகர்களான குதிரைச் செட்டிகளின் பெயர் வரும் கல்வெட்டுகளைப் படிப்போர், விற்ற குதிரை ஆணா பெட்டையா என்று எங்காவது குறித்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.